ஆயிரமும் ஆயிரத்து இருபத்துநான்கும்

ஒரு டெராபைட் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஹார்ட் டிஸ்கை வாங்கிக் கணினியில் செருகினால் விண்டோஸ் அதை 931 ஜிபி என்று காட்டும். மீதி 69 எங்கே போயிற்று என்ற கேள்வியிலிருந்து சேமிப்புக் கருவிகளோடு வேலை செய்கிற யாரும் தப்பிக்க முடியாது. தொழிலில் இதற்கு இரண்டு பதில்கள் கைவசம் உண்டு. ‘ஃபார்மேட் பண்ணினால் கொஞ்சம் குறையும்’ என்பது ஒன்று. ‘கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான்’ என்பது மற்றது. முதல் பதில் கேட்டவரைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும். இரண்டாவது அவரோடு சேர்ந்து பெருமூச்சு விட வசதியாக இருக்கும். இரண்டும் தவறு. டிஸ்கில் எதுவும் குறையவில்லை, விற்றவர் குறைத்துக் கொடுக்கவும் இல்லை. ஒரே பெயரை இரண்டு அளவுகளுக்கு வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டாக அதைச் சரிசெய்யாமல் விட்டது மென்பொருள் எழுதுகிறவர்களும் சர்வர்களைப் பராமரிக்கிறவர்களும் அடங்கிய எங்கள் கூட்டம். சேமிப்பிடத்துக்கும் கோப்புகளுக்கும் ஆயிரத்தின் மடங்குகளே பொருத்தம், 1024 கணக்கு மெமரி சிப்போடு நிற்க வேண்டியது என்பது என் கட்சி. தொழிலில் பலருக்கு இது பிடிக்காத கட்சி என்பதும் தெரியும்.

முதலில் அந்த டிஸ்கையே எடுத்துக்கொள்வோம். டிஸ்க் தன்னை 512 பைட் கொண்ட செக்டர்களாக எண்ணிக் கணினியிடம் சொல்கிறது. ஒரு டெராபைட் டிஸ்கில் வழக்கமாக 1,953,525,168 செக்டர்கள் இருக்கும். இது தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட ஒரு சூத்திரத்திலிருந்து வரும் எண். அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதால்தான் ரெய்டு தொகுப்பில் ஒரு நிறுவனத்தின் டிஸ்க் பழுதானால் வேறு நிறுவனத்தின் டிஸ்கை அந்த இடத்தில் மாட்ட முடிகிறது. ஒரு செக்டர் குறைந்தாலும் ரெய்டு கண்ட்ரோலர் புதிய டிஸ்கை ஏற்காமல் போகலாம். அந்த எண்ணை 512ஆல் பெருக்கினால் 1,000,204,886,016 பைட். லட்சம் கோடி பைட் என்று சொல்லி விற்ற இடத்தில் இருபது கோடி பைட்டுக்கு மேல் கூடவே இருக்கிறது. விண்டோஸ் இந்த எண்ணை 1024ஆல் மூன்று முறை வகுக்கிறது. வருவது 931.5. வகுத்தது 1024ஆல்; ஆனால் விடைக்குப் பக்கத்தில் ஒட்டுவது ஜிகாபைட் என்ற ஆயிரக் கணக்கின் பெயரை. காணாமல் போன 69 அந்தப் பெயர்ச்சீட்டில் இருக்கிறது. ஃபார்மேட் செய்யும்போது கோப்பு முறைமை தன் பட்டியல்களுக்காக எடுத்துக்கொள்ளும் இடம் இதோடு ஒப்பிட்டால் அற்பம். லினக்ஸின் இஎக்ஸ்டி4 நிர்வாகிக்கென்று 5 சதவீதம் ஒதுக்கிவைப்பது வேறு கதை. அது வேண்டாமென்றால் ஒரே கட்டளையில் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய இடம். ‘ஃபார்மேட்டில் போச்சு’ என்ற பதிலின் கெடுதல் இதுதான்: உண்மையாகவே போகிற இடத்தையும், எண்ணும் முறை மாறியதால் போனதுபோலத் தெரிகிற இடத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. பிறகு எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்று பிரிக்கவே வழியில்லை.

1024 எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. மெமரி சிப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி வேண்டும். முகவரிக் கம்பி ஒன்று கூடினால் எட்டக்கூடிய இடங்கள் இரட்டிக்கும். பத்துக் கம்பி இருந்தால் 1024 இடம். 1970இல் இண்டெல் வெளியிட்ட 1103 என்ற சிப்பின் கொள்ளளவு 1024 பிட். இதில் ஆயிரம் இடம் மட்டும் வைத்து 24ஐ வீணாக்குவது பைத்தியக்காரத்தனம். அதற்கு முன்பே, 1964இல் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினியின் வடிவமைப்பாளர்கள் தங்கள் கட்டுரையில் 1024ஐக் ‘கே’ என்று சுருக்கினார்கள். வித்தியாசம் 2.4 சதவீதம்தான், மெமரி ஒன்றைப் பற்றி மட்டுமே பேசினார்கள், கேட்டவர்களும் அதே அறையில் இருந்தவர்கள். அந்த அறைக்குள் அது நேர்மையான சுருக்கெழுத்து. ஆனால் கிலோ என்ற முன்னொட்டுக்குப் பிரான்சில் 1795 முதலே ஆயிரம் என்று ஒரு பொருள் இருந்தது. 1968இல் டொனால்ட் மாரிசன் என்பவர் அமெரிக்கக் கணினியியலாளர் சங்கத்தின் இதழுக்குக் கடிதம் எழுதி, 1024க்குக் கப்பா என்ற கிரேக்க எழுத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். யாரும் கேட்கவில்லை. மெமரி கிலோபைட்டில் அளக்கப்பட்ட காலத்தில் கேட்காததற்கு ஒரு நியாயமாவது சொல்லலாம்.

அந்த 2.4 சதவீதம் அங்கேயே நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு படி ஏறும்போதும் வித்தியாசம் கூட்டுவட்டி போலப் பெருகுகிறது. மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் 10ஐ ஒட்டி, பெட்டாவில் 12.6, எக்ஸாவில் 15.3 சதவீதம். ஒரு பெட்டாபைட் என்று எழுதி ஒருவர் ஆயிரக் கணக்கையும் இன்னொருவர் 1024 கணக்கையும் நினைத்தால் இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட 126 டெராபைட் கிடக்கிறது. 20 டெராபைட் டிஸ்குகளாக வாங்கினால் ஆறுக்கு மேல். ‘சின்ன வித்தியாசம், விட்டுத்தள்ளுங்கள்’ என்ற மறுப்பு 1970இல் சரி. இன்று அந்த மறுப்பைச் சொல்கிறவர் பழைய சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டு புதிய டிஸ்குகளுக்குப் பணம் கட்டுகிறார். பணத்தைவிட நேரத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். தினமும் 10 டெராபைட் பேக்கப் எடுக்க வேண்டும், வழி விநாடிக்கு ஒரு ஜிகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக் கணக்கு டெராபைட் என்றால் 80,000 விநாடி, அதாவது 22 மணி நேரம் சொச்சம். 1024 கணக்கு என்றால் கிட்டத்தட்ட 88,000 விநாடி, 24 மணி 26 நிமிடம். முதல் கணக்கில் தினசரி பேக்கப் ஓடும். இரண்டாவதில் நேற்றைய வேலை முடியுமுன் இன்றைய வேலை தொடங்கி, நாளாக நாளாக வரிசை நீண்டுகொண்டே போகும். வலைப்பின்னலின் இதர செலவுகளைச் சேர்க்காமலே இந்தக் கதி. திட்ட அறிக்கையில் இரண்டையும் ‘10 டிபி’ என்றே எழுதியிருப்பார்கள்.

‘கணினித் துறையில் எல்லோரும் 1024தான் பயன்படுத்துகிறார்கள், நீ மட்டும் ஏன்’ என்பது அடுத்த மறுப்பு. எல்லோரும் பயன்படுத்தியதே இல்லை. துறைக்கு அப்படி ஒரு பொதுவழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மூன்றரை அங்குல ஃப்ளாப்பியின் மேல் 1.44 எம்பி என்று போட்டிருக்கும். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட்: மொத்தம் 1,474,560 பைட். ஆயிரக் கணக்கில் இது 1.47, 1024 கணக்கில் 1.41. 1.44 எப்படி வந்தது என்றால், ஒரு முறை 1024ஆலும் ஒரு முறை 1000ஆலும் வகுத்து. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்ற ஒரு பொருளின் பெயரே இரண்டு கணக்குக்கும் பிறந்த கலப்பு. அடுத்து வந்த சிடியில் 700 எம்பி என்பது 1024 கணக்கு. அதே டிரைவில் அதே தட்டில் வைத்துப் போடும் டிவிடியின் 4.7 ஜிபி ஆயிரக் கணக்கு. இன்னும் ஒரு படி போகலாம். டிடிஆர்-400 என்ற மெமரிப் பட்டையின் கொள்ளளவு, சொல்லவே வேண்டாம், 1024 கணக்கு. அதன் இன்னொரு பெயர் பிசி-3200. விநாடிக்கு 40 கோடி முறை, முறைக்கு 8 பைட் என்று அது 320 கோடி பைட்டை, அதாவது 3200 மெகாபைட்டைக் கடத்துவதால் வந்த பெயர். சுத்தமான ஆயிரக் கணக்கு. 1024இன் சொந்த வீடான மெமரியிலேயே, ஒரே பட்டையின் மேல் ஒட்டிய ஒரே சீட்டில், மெகா இரண்டு பொருளில் நிற்கிறது. பிராசஸரின் ஜிகாஹெர்ட்ஸ் ஆயிரக் கணக்கு. ஈதர்நெட்டின் மெகாபிட்டும் தொலைபேசித் தடத்தின் 64 கிலோபிட்டும் ஆயிரக் கணக்கு. இத்தனைக்கும் நடுவில் 1024ஐப் பொதுவிதி என்று சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ.

டிஸ்க் கம்பெனிகள் மீதான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பெரிய எண்ணைக் காட்ட முடிகிற கணக்கு விற்பனையாளருக்கு இனிக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதற்காக அவர்கள் கணக்கை மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லை. 1956இல் வந்த முதல் வணிக ஹார்ட் டிஸ்கான ஐபிஎம் 350இன் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். நேரான பத்தின் மடங்கு. டிஸ்கில் முகவரிக் கம்பிகள் இல்லை. எத்தனை தட்டு, எத்தனை தடம், தடத்தில் எத்தனை செக்டர் என்பதெல்லாம் இயந்திரப் பொறியியல் தீர்மானிப்பவை. அவற்றின் பெருக்கல் இரண்டின் மடங்காக வரவேண்டிய அவசியம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006இலும் சீகேட் 2007இலும் வழக்குகளைச் சமரசத்தில் முடித்தன. வாங்கியவர்களுக்கு ஒன்று பேக்கப் மென்பொருள் தருவதாகச் சொன்னது, மற்றது விலையில் 5 சதவீதத்தைத் திருப்பியோ மென்பொருளாகவோ தருவதாகச் சொன்னது. பெட்டியின் மேல் ‘1 ஜிபி = 100 கோடி பைட்’ என்று பொடி எழுத்தில் அச்சிடும் பழக்கம் இப்படிப்பட்ட வழக்குகளின் நிழலில் நிலைபெற்றது. பின்னர் சான்டிஸ்க் மேல் ஒருவர் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடியாமல் தீர்ப்பு வரை சென்றது. 2020இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஆயிரக் கணக்கே வணிகத்துக்கான முறையான கணக்கு என்று கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது.

விற்பனையாளர்கள் புனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. சேமிப்பு வியாபாரத்தில் உண்மையான கண்கட்டு வேறு இடத்தில் நடக்கிறது. 1024 சண்டையில் மூழ்கிப்போனவர்கள் அதைப் பார்ப்பதில்லை. எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கும். அதன் உறையில் 45 டெராபைட் என்றும் பெரிதாகப் போட்டிருக்கும். சுருக்கி எழுதினால் தரவு இரண்டரை மடங்கு சிறுக்கும் என்ற அனுமானத்தில் வந்த எண் அது. சுருங்குமா என்பது டேப்பைப் பொறுத்ததே இல்லை, எழுதப்போகும் தரவைப் பொறுத்தது. 1948இல் கிளாட் ஷானன் தகவலை அளக்கும் கோட்பாட்டை எழுதினார். பிட் என்ற பெயரை ஜான் டூக்கி சொன்னதாக அதே கட்டுரையில் குறித்திருக்கிறார். ஷானன் காட்டியதன் சாரம் இது: ஒரு செய்தியில் முன்கூட்டி ஊகிக்க முடியாத பகுதி எவ்வளவோ அவ்வளவுதான் அதிலுள்ள தகவல், அதற்குக் கீழே எந்தச் சாமர்த்தியத்தாலும் இழப்பில்லாமல் சுருக்க முடியாது. வங்கிக் கணக்குப் பதிவுகள், சர்வர் லாக் கோப்புகள் போன்றவற்றில் ஊகிக்கக்கூடிய பகுதி ஏராளம். இரண்டரை என்ன, அதற்கு மேலும் சுருங்கலாம். மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவில் வந்தால், கண்காணிப்புக் கேமராவின் காணொளி வந்தால், மறையாக்கம் செய்த பேக்கப் வந்தால் ஒரு சதவீதம்கூடச் சுருங்காது. அந்த 45 எதையும் அளக்கவில்லை. வாங்குகிறவரின் தரவைப் பார்க்காமலே அதைப் பற்றி எழுதிய ஜோசியம் அது. டிஸ்க் வரிசைகளின் விளம்பரத்தில் வரும் ‘பயனளவுக் கொள்ளளவு’ என்பதும் இதே இனம். அடிமானத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆயிரக் கணக்கில் விற்கிறவரைத் திட்டுகிற வாய், இதைக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறது.

இயந்திரம் இருமத்தில் சிந்திக்கிறது, ஆகவே அதை அளக்கிற அலகும் இருமத்தில் இருப்பதே இயற்கை என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு புகைப்படக் கோப்பு 3,481,907 பைட் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டின் மடங்கு எங்கே இருக்கிறது? அதை 1024ஆல் வகுப்பதால் கணினிக்கு எந்த வேலையும் குறைவதில்லை. திரையில் காட்டும்போது செய்கிற அந்த வகுத்தல் மனிதருக்காகச் செய்வது. மனிதர் பத்தில் எண்ணுகிறார். 1,000 மெகாபைட் கோப்புகள் நூறு சேர்ந்தால் 100 ஜிகாபைட் என்று மனதிலேயே சொல்ல முடிய வேண்டும்; 97.66 என்று சொல்லக் கால்குலேட்டர் தேவைப்பட்டால் அலகு யாருக்காக இருக்கிறது? இருமப் பிரிவின் வசதியை நாம் அறியாதவர்கள் அல்ல. ரூபாய்க்குப் பதினாறணா இருந்த நாட்டில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகலாம், மிச்சமே வராது. அந்த வசதியை விட்டுத்தான் 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா நூறு காசுக்கு மாறியது. பழைய பைசா ரூபாயில் 64இல் ஒன்று, புதியது நூறில் ஒன்று. இரண்டும் ஒரே சமயத்தில் சட்டைப் பையில் கிடந்தன. அப்போது செய்த புத்திசாலித்தனமான காரியம், புதியதற்கு நயா பைசா என்று பெயரிட்டது. பழையது புழக்கத்தை விட்டுப் போனபின் 1964இல் நயாவைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு அளவு ஒரே நேரத்தில் சந்தையில் இருந்தால் ஒன்றுக்காவது அடையாளம் வேண்டும் என்பதை நயா பைசா வார்த்த காலத்திலேயே புரிந்துகொண்ட அரசு எழுத்தர்கள், எங்கள் துறைக்காரர்களைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

துறையும் தன் நயா முன்னொட்டைத் தேடாமல் இல்லை. 1998 டிசம்பரில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024இன் மடங்குகளுக்கென்று தனி முன்னொட்டுகளை ஏற்றது. கிலோ, மெகா, ஜிகா என்பவற்றின் முதல் அசையோடு ‘பைனரி’யின் ‘பி’ ஒலியைச் சேர்த்த பெயர்கள் அவை. சர்வதேச அலகு முறையைப் பேணும் அமைப்பும் தன் கையேட்டில், ஒரு கிலோபிட் என்றால் 1000 பிட்தான், 1024 அல்ல என்று எழுதிவைத்தது. புதிய பெயர்கள் குழந்தைப் பேச்சு போல இருக்கின்றன என்று ஆங்கிலம் பேசுகிறவர்களே முகம் சுளித்தார்கள். அந்தக் காரணத்தை நான் மதிப்பதில்லை. பைட் என்ற பெயரும் ஒரு காலத்தில் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தமிழில் எழுதும்போது இன்னொரு தடை வருகிறது, அது உண்மையான தடை. 1024ஐக் குறிக்கும் பெயரும் அதன் மும்மடிப் பெருக்கமான நூறு கோடிச் சொச்சத்தைக் குறிக்கும் பெயரும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே ‘கிபி’ என்று விழுகின்றன. நம் ‘க’ இரண்டு ஒலிக்கும் ஒன்றே. பத்து லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசமுள்ள இரண்டு அலகுகள் அச்சில் ஒரே உருவம் எடுப்பது எந்தக் குழப்பத்தையும் தீர்க்காது. டொனால்ட் நூத் ‘பெரிய கிலோபைட்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்றொரு யோசனை சொன்னார். நமக்கு அந்த வழியே தோதானது. இரும ஜிகாபைட் என்று முன்னால் ஒரு சொல் போட்டால் போதும், பள்ளிப் பாடநூல் படித்தவருக்குப் புரியும். பிட்டும் பைட்டும் இதே வகைச் சிக்கல். ஆங்கிலத்தில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று பிரித்துக் காட்டுகிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. ‘100 எம்பி வேகம்’ என்று தமிழில் எழுதினால் அது விநாடிக்கு 12.5 மெகாபைட் தரும் இணைப்பா, 100 மெகாபைட் தருவதா என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டு மடங்கு வித்தியாசம். தமிழில் சுருக்கெழுத்தையே தவிர்த்து மெகாபிட், மெகாபைட் என்று முழுதாக எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பழகிப்போனதை இனி மாற்ற முடியாது என்கிறவர்களுக்குப் பைட்டின் கதையே பதில். 1956இல் ஐபிஎம்மின் ஸ்ட்ரெட்ச் கணினியில் வேலை செய்த வெர்னர் புக்ஹோல்ஸ் அந்தப் பெயரைச் சூட்டியபோது பைட்டுக்கு நிலையான அளவு இல்லை. சில இயந்திரங்களில் எழுத்துக்கு ஆறு பிட். பிடிபி-10இல் நிரல் எழுதுகிறவர் கேட்கிற அகலத்தில் பைட் கிடைத்தது. 1964இல் சிஸ்டம்/360 எட்டுப் பிட் பைட்டைத் தேர்ந்தது. சந்தை அதன் பின்னால் போனது. இன்று பைட் என்றால் எட்டுப் பிட் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. வலைப்பின்னல் தரங்களை எழுதுகிறவர்கள் மட்டும் பழைய எச்சரிக்கையோடு ஆக்டெட் என்றே எழுதுகிறார்கள். இந்தப் பக்கம் ஒரு சிறு விலகல்: ‘ஒரு பைட் என்பது ஓர் எழுத்து’ என்று நம் கணினிப் பாடங்களில் இன்னும் சொல்லித்தருவது ஆங்கிலத்துக்கு உண்மை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு மெய்ப்புள்ளியும் இகரக் கொக்கியும் தனிக் குறிகளாகச் சேர்ந்து ஐந்து குறியீடு, பதினைந்து பைட். கைபேசிக் குறுஞ்செய்தியின் அளவு 140 பைட் என்பதால் ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற இடத்தில் தமிழில் 70 குறியீடுதான் போகும். இதற்காகப் பைட்டைக் குறை சொல்ல முடியாது. கோணிப்பைக்குள் என்ன இருக்கிறது என்று அலகு கேட்பதில்லை. அதன் அளவு எட்டு என்று உறுதியாக இருப்பதால்தான் இந்த அநியாயத்தையே நம்மால் எண்ணிச் சொல்ல முடிகிறது.

முன்னொட்டிலும் மாற்றம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஆப்பிள் 2009இல் மேக் இயங்குதளத்தின் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து கோப்புகளையும் டிஸ்குகளையும் ஆயிரக் கணக்கில் காட்டத் தொடங்கியது. ஒரே இரவில் எல்லாக் கோப்புகளும் சற்றுப் பெருத்தன. வானம் இடிந்து விழவில்லை. அங்கே ஒரு டெராபைட் டிஸ்க் ஒரு டெராபைட்டாகவே தெரிகிறது. லினக்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. காலி இடம் காட்டும் டிஎஃப் கட்டளையோடு சிறிய எச் சேர்த்தால் 1024 கணக்கு, பெரிய எச் சேர்த்தால் ஆயிரக் கணக்கு. எல்விஎம் கருவிகளிடம் அளவைக் காட்டச் சொல்லும்போது அலகின் எழுத்தைச் சிறியதாகக் கொடுத்தால் 1024, பெரியதாகக் கொடுத்தால் 1000. ஷிஃப்ட் பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்பதில், திரையில் தெரிகிற எண்ணில் பத்தில் ஒரு பங்கு தொங்குகிறது. இதை வடிவமைத்தவர் என்றாவது நடுராத்திரியில் ஒரு வால்யூமைப் பெரிதாக்கியிருப்பாரா என்பது சந்தேகம். திட நிலை டிரைவுகளில் இன்னொரு விநோதம் உண்டு. உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் சிப்புகள் 1024 கணக்கில் 256 ஜிகாபைட்; வெளியே விற்பது ஆயிரக் கணக்கில் 256. நடுவிலுள்ள 7.4 சதவீதத்தைத் தேய்ந்த பகுதிகளுக்கு மாற்றாகவும் உள்வேலைக்காகவும் டிரைவ் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. இரண்டு கணக்கின் இடைவெளியே ஒரு பொறியியல் சேமிப்பாகிவிட்ட ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

என் கட்சிக்கு எதிராக உண்மையில் கனம் உள்ள சான்று மேகச் சேமிப்பிலிருந்து வருகிறது. அமேசானின் எஸ்3 தன் கட்டணக் கணக்கில் ஒரு ஜிகாபைட்டை 1024இன் மும்மடியாக வைத்திருக்கிறது. அதைச் சொல்லியும் வைத்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு இது லாபம். நூறு கோடி பைட்டுக்குப் பதில் 107 கோடி பைட்டுக்கு ஒரு கட்டணம். லாபமாக இருப்பதால் யாரும் வழக்குப் போடவில்லை. ஆனால் இதனால் கணக்கு சுலபமாகவில்லை. அலுவலக சர்வரில் 200 டெராபைட் என்று வாங்கியதை மேகத்துக்கு மாற்ற உத்தேசச் செலவு போடுகிறவர், டிஸ்கின் எண்ணை எடுத்து மேகத்தின் விலையால் பெருக்கினால் பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டுவார். விண்டோஸ் காட்டும் எண்ணை எடுத்தால் சரியாக வரும், பெயர் தப்பாக இருந்தாலும். எந்தத் தப்பு எந்தத் தப்போடு பொருந்தும் என்று நினைவில் வைத்துக்கொள்வதை அனுபவம் என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் தொழில் இருக்கிறது. விண்டோஸ் மாறாததற்கு ஒரு நியாயம் சொல்லலாம்: கோடிக்கணக்கான நிரல்களும் கையேடுகளும் திரைப்பிடிப்புகளும் அந்த எண்ணை நம்பி இருக்கின்றன. ஆனால் எண்ணை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றியிருக்கலாம். 931 அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ‘இரும’ என்ற பொருள் தருகிற ஒரே ஒரு எழுத்து. அதையும் செய்யவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும்: டிரைவின் பண்புகளைத் திறந்து பார்த்தால் சுருக்கிய எண்ணுக்குப் பக்கத்திலேயே முழு பைட் எண்ணிக்கையும் இருக்கும்.

டெண்டர் எழுதும்போதும் கொள்ளளவுத் திட்டம் போடும்போதும் நான் அந்த முழு எண்ணைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். பன்னிரண்டு 20 டெராபைட் டிஸ்குகளை ரெய்டு-6இல் கட்டினால் இரண்டு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போய், 200 டெராபைட் மிஞ்சும். இது உண்மையான செலவு. அதற்கு ஈடாக இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் செத்தாலும் தரவு பிழைக்கும். அதே 200ஐ ஒரு கருவி 181.9 என்று காட்டும். இது செலவே கிடையாது. அதன்மேல் கோப்பு முறைமையின் ஒதுக்கீடு, பிறகு எண்பது சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்கை அடிக்க வேண்டும் என்ற விதி. இந்த எண்பது சதவீதத்தை ஒருவர் 200இல் போட்டு 160 என்பார், கண்காணிப்புக் கருவி 181.9இல் போட்டு 145.5 என்று மணியடிக்கும். அடிக்கிற இடம் இரண்டிலும் ஒன்றே என்பதை நம்பவைக்க ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் ‘ரெய்டு, கோப்பு முறைமை எல்லாம் போக, சுருக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல், 180,000,000,000,000 பைட்டுக்குக் குறையாமல்’ என்று எழுதினால் பூஜ்யங்களை இரண்டு பேர் எண்ணிச் சரிபார்க்க வேண்டிவரும். கொள்முதல் பிரிவில் சிரிப்பார்கள். டெலிவரி அன்று விற்பனையாளரின் பொறியாளரும் நாமும் ஒரே கட்டளையை அடித்து ஒரே எண்ணைப் பார்ப்போம். ரசீதில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்.